டிரிப் ஷீட்டை நிரப்புபவருக்கு என்ன கிடைக்கிறது?
சிறு வாகன நிறுவனங்களில் தானியங்கிப் பணியோட்டங்கள்: ஓர் ஆய்வு

தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில் வட்டாரத்தில் டிஎன் 79 பதிவெண்ணோடு ஓடும் வண்டிகளுக்கு வேலை பல திசைகளிலிருந்து வருகிறது. பூவும் எலுமிச்சையும் காய்கறியும் புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகின்றன. விசைத்தறித் துணி மூட்டைகள் வெளியூர்ச் சந்தைகளுக்குப் போகின்றன. காலையிலும் மாலையிலும் பள்ளி வேன்கள் ஓடுகின்றன. இரண்டு மினி லாரி, ஒரு பத்து வீல் வண்டி, நான்கு வேன் என்று வைத்துத் தொழில் நடத்துபவர்கள்தான் இப்படிப்பட்ட ஊர்களின் போக்குவரத்தைத் தாங்குகிறார்கள். அவர்களுடைய அலுவலகம் என்பது பெரும்பாலும் ஒரு மேசை, ஒரு லாக் புக், ஒரு செல்போன்.

அந்த மேசைக்கு இப்போது வாகன மேலாண்மை மென்பொருள் வந்துகொண்டிருக்கிறது. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றின் தேதி நெருங்கினால் தானாகச் செய்தி வரும், டீசல் குறைந்தால் எச்சரிக்கை வரும், வண்டி தடம் மாறினால் மணி அடிக்கும் என்று விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். சொல்வதில் பொய் இல்லை. ஆனால் இப்படிப் போடப்படும் ஏற்பாடுகள் சில மாதங்களில் யாரும் பார்க்காத செய்திக் குவியலாகிவிடுவது இத்தொழிலில் வழக்கமாகிவிட்டது. எந்த வேலையை மென்பொருளிடம் விடலாம், எந்த வரிசையில் விடலாம், எங்கே அது படுத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மூன்று உறுப்புகளும் ஒரு பெயரும்

எந்தக் கம்பெனியின் மென்பொருளானாலும் தானியங்கிப் பணியோட்டம் மூன்று உறுப்புகளால் ஆனது. ஒரு நிகழ்வு அதைத் தொடங்கி வைக்கிறது: மீட்டர் ஒரு எண்ணைத் தாண்டுகிறது, ஒரு தேதி நெருங்குகிறது, டிரிப் முடிந்ததாகப் பதிவாகிறது. அடுத்து ஒரு நிபந்தனை: கேரள டிரிப்புக்கு மட்டும், எட்டு வயது தாண்டிய வண்டிக்கு மட்டும் என்பதுபோல. கடைசியில் ஒரு செயல்: செய்தி அனுப்பு, பட்டறைக்கு வேலைச் சீட்டு திற, கணக்கில் தொகையை ஏற்று.

இந்த மூன்றையும் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் பிழை. செய்தி யாருக்குப் போகிறது, அவர் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அடுத்து யாருக்குப் போகும் என்பவை எழுதப்பட வேண்டும். முதலாளி, மேனேஜர், மெக்கானிக், ஓட்டுநர் என்று நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் போகும் எச்சரிக்கையை நால்வரில் ஒருவரும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு விதிக்கு ஒரு பெயர்தான் இருக்க வேண்டும்.

அரசு போட்ட பணியோட்டங்கள்

தனியார் மென்பொருளுக்கு முன்பே அரசு சில தானியங்கி ஏற்பாடுகளை லாரித் தொழிலுக்குள் கொண்டுவந்துவிட்டது. அவற்றின் வெற்றியும் தோல்வியும் நமக்குப் பாடம்.

2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளின் எல்லாத் தடங்களிலும் ஃபாஸ்டேக் கட்டாயமானது. இதில் யாரும் எதையும் எழுதுவதில்லை. கண்ணாடியில் ஒட்டிய அட்டையைக் கருவி படிக்கிறது, வங்கிக் கணக்கில் பணம் கழிகிறது, உரிமையாளரின் செல்போனுக்குச் செய்தி வருகிறது. வண்டி கப்பலூரைத் தாண்டிவிட்டது என்பதற்கு ஜி.பி.எஸ். இல்லாத வண்டியிலும் அது சாட்சி. திறந்த டிரிப் எதுவும் இல்லாத வண்டிக்குச் சுங்கக் கழிவு வந்தால் உடனே கணக்காளருக்குச் சொல் என்று ஒரே ஒரு விதி போட்டாலும், தவறான கழிவும் சொல்லாமல் போன ஓட்டமும் இரண்டுமே பிடிபடும்.

மின்வழிச் சீட்டு, அதாவது இ-வே பில், 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் தாண்டும் சரக்குக்கும், அதே ஆண்டு ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கும் நடைமுறைக்கு வந்தது. மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய், தமிழ்நாட்டுக்குள் என்றால் 1 லட்சம் ரூபாய் வரம்பு. பூவுக்கும் பச்சைக் காய்கறிக்கும் வரி விலக்கு இருப்பதால் அவற்றுக்குச் சீட்டு தேவைப்படாது. துணி மூட்டைக்குத் தேவை. 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று சீட்டின் ஆயுள் கணக்கிடப்படுகிறது. காலாவதிக்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும்தான் அதை நீட்டிக்க முடியும். வண்டி வழியில் நின்று சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால் சீட்டில் வண்டி எண்ணையும் மாற்ற வேண்டும். பிரேக்டவுன் நேரத்தில் பட்டறையைத் தேடி அலையும் ஓட்டுநருக்கு இது நினைவில் நிற்காது. பிரேக்டவுன் பதிவானதும் சீட்டு எடுத்தவருக்குத் தானாக நினைவூட்டல் போவது, ஒரு விதியின் செலவில் பெரிய அபராதத்தைத் தடுக்கும்.

மூன்றாவது ஏற்பாட்டின் கதை வேறு. ஏ.ஐ.எஸ். 140 தரத்திலான இருப்பிடக் கருவியும் அவசரப் பொத்தானும் 2019 ஜனவரி 1 முதல் புதிய பயணிகள் வாகனங்களுக்குக் கட்டாயமாயின. கருவி வண்டியில் ஏறியது. அதிலிருந்து வரும் செய்தியை வாங்கிக் கவனிக்கும் மையங்கள் பல மாநிலங்களில் பின்னால்தான் வந்தன. எஃப்.சி.க்காக மாட்டிய பெட்டி என்ற அளவில் அதை நினைக்கும் உரிமையாளர்கள் இன்றும் உண்டு. மறுமுனையில் ஆள் இல்லாத எச்சரிக்கைக்கு நேரும் கதி அது.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு, தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை. அழைப்பு பதிவாகிறது, அருகிலுள்ள வண்டி திரையில் தெரிகிறது, ஆனால் எந்த வண்டியை அனுப்புவது என்று முடிவெடுக்க நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். தேடும் வேலையைக் கணினி செய்கிறது. பொறுப்பு ஒரு பெயருக்கு உரியதாகவே இருக்கிறது.

எளிதில் கைகூடுபவை: ஆவணமும் பராமரிப்பும்

ஆவணத் தேதிகளை மென்பொருளிடம் விடுவதில் யாருக்கும் தயக்கம் இருக்கத் தேவையில்லை. எஃப்.சி., பெர்மிட், இன்ஷூரன்ஸ், சாலை வரி, புகைச் சான்று என ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு. பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். அதைவிடப் பெரிய ஆபத்து விபத்தில்தான். அம்ரித் பால் சிங் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், பெர்மிட் இல்லாத ஓட்டத்தை அடிப்படை விதிமீறலாகக் கொண்டு, பாதிக்கப்பட்டவருக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. ஒரு தேதியை மறந்ததற்கு வீட்டை விற்க நேரலாம்.

ஆனாலும் வெறும் தேதி நினைவூட்டல் போதாது. 2018ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். இரண்டாண்டு என்று நிலையாகப் போட்ட விதி, வண்டி எட்டைத் தாண்டியதும் பொய்யாகிவிடும். புகைச் சான்றும் அப்படித்தான், பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஓராண்டு, பழைய வண்டிகளுக்கு ஆறு மாதம். நிபந்தனை என்ற உறுப்பு இங்கேதான் வேலை செய்ய வேண்டும்.

எஃப்.சி. என்பது தனித்த ஒரு நாளின் வேலையும் இல்லை. பெயின்ட், ஒளிரும் ஸ்டிக்கர், பிரேக் வேலை எல்லாம் முடிந்து, வரியும் இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் உயிரோடு இருந்தால்தான் வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிறுத்த முடியும். ஆகவே 45 நாள் முன்னதாகப் பட்டறைக்கு ஒரு சீட்டு, 30 நாள் முன்னதாக மற்ற ஆவணங்களின் சரிபார்ப்பு, 15 நாள் முன்னதாகக் கட்டணமும் முன்பதிவும் என்று அடுக்கிவிடுவது நல்லது. சரிபார்ப்பில் இன்ஷூரன்ஸ் முடியப்போவது தெரிந்தால் அதைப் புதுப்பிக்கும் கிளை முதலில் ஓட வேண்டும். நாள்களை வேலை நாள்களாக எண்ணவும் சொல்லிவைக்க வேண்டும். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விடும் ஊரில், கடைசி நாள் அன்று வந்து நின்றால் அலுவலகம் பூட்டியிருக்கும். தபசு நாளில் ரத வீதிகளைச் சுற்றிப் போக்குவரத்தும் திருப்பிவிடப்படும். வண்டி தடம் மாறியதாக அன்று முழுவதும் எச்சரிக்கை வராமலிருக்க விதிகளுக்கு ஒரு திருவிழா நாள்காட்டியும் வேண்டும்.

பராமரிப்பில் கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முந்துகிறதோ அதைப் பிடிக்க வேண்டும். ஒரு வண்டி நாளுக்குச் சராசரியாக 250 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸுக்கு 2,000 கிலோமீட்டர் முன்னதாக எச்சரித்தால் எட்டு நாள் கிடைக்கும். 200 முன்னதாக எச்சரித்தால் ஒரு நாள்கூட இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையான பி.எஸ். 6 டீசல் லாரிகள் பலவற்றில், புகையைச் சுத்திகரிக்கும் ஆட்புளூ திரவம் தீர்ந்தால் இன்ஜின் இழுவை குறைந்துவிடும். மலையேறும் டிரிப்புக்கு முன் அந்த அளவைக் கேட்கும் விதி அவசியம்.

இங்கே ஒரு கண்ணியும் இருக்கிறது. சர்வீஸ் கெடு தாண்டிய வண்டிக்கு லோடு ஒதுக்காதே என்று மென்பொருளுக்குக் கட்டளை போடலாம். முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவில் பூ ஏற்றக் காத்திருக்கும்போது அந்தப் பூட்டு விழுந்தால், மென்பொருளை மூடிவிட்டு வண்டியை விடுவார்கள். அதன்பின் அந்த டிரிப்பே பதிவில் இருக்காது. பூட்டைத் திறக்கும் உரிமை ஒருவருக்கு இருக்க வேண்டும். காரணத்தை ஒரு வரியில் எழுதித் திறக்கட்டும்.

எஸ் வளைவில் திருடுபோகும் டீசல்

உரிமையாளர்கள் அதிகம் ஆசைப்படுவது டீசல் கண்காணிப்புக்கு. ஏமாற்றம் அதிகமாக வருவதும் அங்கேதான். டேங்கில் இறக்கிய சென்சார் டீசலின் உயரத்தைத்தான் அளக்கிறது. புளியரைக்கு மேலே எஸ் வளைவில் வண்டி சாய்ந்து ஏறும்போது டீசல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. உயரம் இறங்கியதாகச் சென்சார் சொல்கிறது. உரிமையாளரின் செல்போனில் டீசல் திருட்டு என்று செய்தி விழுகிறது. அவர் போன் போட்டுத் திட்டுகிறார். வளைவில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் ஓட்டுநருக்குத் தான் செய்யாத குற்றம் என்னவென்றே புரிவதில்லை. இது இரண்டு முறை நடந்தால் போதும், மூன்றாம் முறை சென்சார் வயர் அறுந்து கிடக்கும்.

இதைத் தவிர்க்க விதியைச் சற்றுப் பொறுமையாக எழுத வேண்டும். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், வண்டி சமதளத்தில் நின்றிருக்க வேண்டும், இறக்கம் சில நிமிடங்களாவது நிலைத்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் மட்டும் செய்தி. அதுவும் முதலில் அலுவலகத்துக்கு, ஒரு கேள்வியாக.

மலைப்பாதையில் சிக்னல் அறுந்துபோவது இன்னொரு தொல்லை. நல்ல கருவி இடைப்பட்ட இருப்பிடங்களைச் சேமித்துவைத்து, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். மென்பொருள் அவற்றை நிகழ்ந்த நேரத்தின்படி அடுக்காமல் வந்த நேரத்தின்படி அடுக்கினால், எப்போதோ புனலூர் தாண்டிய வண்டி இப்போதுதான் கணவாயில் நிற்பதாகத் தோன்றும். வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. வரைபடத்தில் போடும் எல்லை வேலி என்னும் வட்டங்களிலும் இதே கவனம் தேவை. மார்க்கெட்டைச் சுற்றி வரைந்த வட்டத்துக்குள் சாலையும் அடங்கிவிட்டால், கடந்து போகும் ஒவ்வொரு வண்டியும் சரக்கு இறக்கிவிட்டதாகப் பதிவாகும். உள்ளே வந்து பத்து நிமிடம் நின்றால்தான் வருகை என்று நிபந்தனை போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

மைலேஜ் கணக்குக்குச் சென்சாரே தேவையில்லை. டேங்கை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பும் பழைய முறை போதும். 480 கிலோமீட்டருக்கு 120 லிட்டர் என்றால் லிட்டருக்கு 4. இந்த எண்ணைக் கம்பெனி விளம்பரத்தோடு ஒப்பிடுவது வீண். அதே தடத்தில், அதே அளவு லோடோடு அதே வண்டி முன்பு கொடுத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். நம் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளில் ஓட்டுநர்வாரியாகக் கே.எம்.பி.எல். கணக்குப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். வண்டியின் வயதையும் தடத்தின் நெரிசலையும் கணக்கில் எடுக்காமல் எங்களிடம் மட்டும் மைலேஜ் கேட்கிறார்கள் என்ற மனக்குறையும் அதே அளவு பழையது.

கணக்கு முடியும் இடம்

மீட்டர் எண், டீசல் பில், இறக்கிய நேரம், வழிச்செலவு, டயர் வெடித்த இடம் என்று இதுவரை பார்த்த ஒவ்வொரு விதிக்கும் தீனி போடுபவர் ஓட்டுநர். கருவிகள் தருவது ஒரு பகுதிதான். அப்படியிருக்க, வழக்கமாகப் போடப்படும் பணியோட்டங்களில் அவருக்கு என்ன கிடைக்கிறது? வேகம் கூடினால் ஏச்சு, தாமதமானால் போன், மைலேஜ் குறைந்தால் பிடித்தம். தனக்கு எதிராகவே பயன்படும் தகவலை ஒருவர் முழு மனத்தோடு தருவார் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். மீட்டர் படம் மங்கலாக வரும், டிரிப் இரண்டு நாள் கழித்து முடிக்கப்படும், ஒரு நாள் ஆப் வேலை செய்யவில்லை என்ற பதில் வரும்.

ஓட்டுநருக்கு உண்மையிலேயே வேண்டியது ஒன்று இருக்கிறது. டிரிப் முடிந்து வந்த அன்றே கணக்கு முடிய வேண்டும். அட்வான்ஸ் எவ்வளவு வாங்கினார், டீசலுக்கு எவ்வளவு, லோடுமேன் கூலி எவ்வளவு, பேட்டா எவ்வளவு, மீதி யார் யாருக்குத் தர வேண்டும் என்பது தெரிய வேண்டும். பல இடங்களில் இது வாரக்கணக்கில் இழுக்கும். முதலாளி ஊரில் இல்லை, கணக்குப்பிள்ளை வரவில்லை, பில் ஒன்று காணவில்லை என்று. இந்த ஓர் இடத்தைத் தானியங்கியாக்கினால் மற்ற எல்லாம் அதன் பின்னால் வரும்.

அதை இப்படி அமைக்கலாம். ஓட்டுநர் ஷெட்டுக்கு வந்து மீட்டரைப் படம் பிடித்து அனுப்புகிறார், டிரிப் முடிகிறது. ஃபாஸ்டேக் கழிவுகள் தாமாகக் கணக்கில் ஏறுகின்றன. டீசல் பில் படங்கள் முன்பே வந்திருக்கின்றன. பேட்டா விகிதம் மென்பொருளில் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் ஓட்டுநரின் வாட்ஸாப்புக்குத் தமிழில் கணக்குச் சீட்டு போகிறது. அதே சீட்டு ஒப்புதலுக்காக முதலாளிக்கும் போகிறது. 24 மணி நேரத்துக்குள் அவர் மறுப்புச் சொல்லாவிட்டால் தொகை ஓட்டுநரின் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டிய பட்டியலில் சேர்கிறது. மீட்டர் படம் வராத டிரிப்புக்குக் கணக்கு முடியாது. ஆகவே படம் வரும், தெளிவாகவும் வரும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு செலவுக்கும் பில் படம் கட்டாயம் என்று வைத்தால் கணக்கு பொய்யாகும். தார்ப்பாய் கட்ட உதவிய ஆளுக்குக் கொடுத்தது, வழியில் கொடுக்க நேர்ந்தது என்று பில்லே வராத செலவுகள் லாரித் தொழிலில் உண்டென்பது எல்லோருக்கும் தெரியும். பில் இல்லை என்ற ஒரு கட்டமும் அதற்கு ஒரு டிரிப் வரம்பும் வைத்துவிட்டால் ஓட்டுநர் டீசலில் ஏற்றிச் சொல்ல வேண்டியிராது. டீசல் கணக்கும் சுத்தமாகும்.

பதிவு யாருக்குச் சொந்தம்?

ஐரோப்பாவில் 2006 மே முதல் புதிய கனரக வாகனங்களில் டிஜிட்டல் டாக்கோகிராஃப் கட்டாயம். ஓட்டும் நேரமும் ஓய்வு நேரமும் ஓட்டுநரின் சொந்த அட்டையில் பதிவாகின்றன. வேறு கம்பெனிக்குப் போனாலும் அட்டை அவரோடு போகும். அமெரிக்காவில் 2017 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த மின்னணுப் பதிவு விதியில், நிர்வாகம் ஒரு பதிவைத் திருத்த விரும்பினால் ஓட்டுநரின் ஒப்புதல் வேண்டும். கருவியைக் கொண்டு ஓட்டுநரைத் துன்புறுத்துவதற்கும் தடை இருக்கிறது. அந்நாடுகளிலும் ஓட்டுநர்கள் இவற்றை மகிழ்ந்து வரவேற்கவில்லை. ஆனால் பதிவில் ஓட்டுநருக்கும் உரிமை உண்டு என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு வகுத்தது. நடைமுறையில் இரவு முழுவதும் ஓட்டிவிட்டு வந்தவரை மறுநாள் மதியமே அடுத்த லோடுக்கு அனுப்புவது புதிதில்லை. வேகத்தைப் பிடிக்கும் அதே கருவிக்கு ஓய்வு நேரத்தை எண்ணவும் தெரியும். ஓய்வு முடியாத ஓட்டுநரின் பெயரை அடுத்த டிரிப்புப் பட்டியலில் காட்டாதே என்ற விதி போட ஐந்து நிமிடம் ஆகாது. அதைப் போடுவார்களா என்பதில்தான் கருவி யாருக்காக வாங்கப்பட்டது என்பது தெரியும்.

வேலை நேரம் முடிந்தபின் வண்டியையும், அது வழியாக ஆளையும் பின்தொடரும் விதிகளை நிறுத்திவைப்பதும் இதோடு சேர்ந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இது மரியாதையோடு நிற்கும் விஷயமும் இல்லை.

எதை வாங்குவது?

சந்தையில் மூன்று வகை உண்டு. லாரி தயாரிப்பாளர்களே தருவது ஒன்று. அசோக் லேலண்டின் ஐ-அலர்ட், டாடா மோட்டார்ஸின் ஃப்ளீட் எட்ஜ் போன்றவை. இன்ஜின் கோளாறுக் குறியீடுகளை இவை நன்றாகப் படிக்கும். இரண்டு கம்பெனி வண்டி வைத்திருந்தால் இரண்டு திரை பார்க்க வேண்டும். ஜி.பி.எஸ். கருவியோடு வரும் மென்பொருள் இரண்டாவது. இருப்பிடத்தில் வலுவானது, கணக்கில் மெலிந்தது. டிராக்கார் போன்ற திறமூல மென்பொருளும் இவ்வகையில் உண்டு, பராமரிக்க ஆள் இருந்தால். மூன்றாவது வகை, படிவங்களையும் விதிகளையும் நாமே அடுக்கிக்கொள்ளும் கருவிகள். இவற்றில் ஒன்றான ஜோஹோ கிரியேட்டரைத் தரும் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இதே தென்காசி மாவட்டத்தில் மத்தளம்பாறையில் இயங்கிவருகிறது. பேட்டா விகிதம், பில் இல்லாச் செலவு, திருவிழா நாள்காட்டி போன்ற உள்ளூர் வழக்கங்களை எழுதிச் சேர்க்க இந்த மூன்றாம் வகையே வசதி.

எதை வாங்கினாலும் முதல் மாதத்தில் மூன்று விதிக்கு மேல் போடாமல் இருப்பது நல்லது. கணக்கு முடிக்கும் விதி முதலில். அது ஓட்டுநரை உள்ளே கொண்டுவரும். ஆவணக் கெடு இரண்டாவது. உரிமையாளரின் தூக்கத்தைக் காக்கும். சர்வீஸ் கெடு மூன்றாவது. கணக்கு முடிக்க வந்த மீட்டர் எண்ணே அதற்கும் போதும். டீசல் சென்சார், வேக எச்சரிக்கை, தட மாற்றம் ஆகியவை இந்த மூன்றும் பிசகாமல் ஓடத் தொடங்கியபின் வரட்டும். விற்பனையாளர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் காட்டுவார்கள். வரைபடத்தில் நகரும் வண்டி பார்க்க அழகாக இருக்கும், பேட்டாக் கணக்கு அப்படி இருக்காது.

செயல்விளக்கத்துக்கு வரும் விற்பனையாளரிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி போதும்: என் ஓட்டுநர் இந்த ஆப்பைத் தானாகத் திறக்க அவருக்கு இதில் என்ன இருக்கிறது? பதில் இல்லையென்றால் அந்த மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டுவதைவிட லாக் புக்கையே ஒழுங்காக எழுதி, டிரிப் முடிந்த அன்றே கணக்கைத் தீர்ப்பது லாபம்.